பால்மரத்துக் கட்டில்: புக்கிட் மெர்தாஜாமில் பிள்ளைத் தளவாடம் வாங்குவோருக்கு

புக்கிட் மெர்தாஜாமில் தலைப்பிள்ளையை எதிர்பார்க்கும் ஒரு தமிழ் வீட்டில், குழந்தை எதில் தூங்கப்போகிறது என்ற கேள்விக்கு ஆளுக்கொரு பதில் இருக்கும். பாட்டிக்குத் தூளி போதும். மகளுக்கு மரக்கட்டில் வேண்டும். தளவாடக் கடைக்காரர் நான்கு விதமாக மாற்றக்கூடிய 'கன்வெர்டிபிள்' கட்டிலைக் காட்டி, பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வயதிலும் இதிலேயே படுக்கலாம் என்கிறார். இணையக் கடையோ கட்டில், மெத்தை, கொசுவலை, தலையணை, ஓரத் தடுப்பு எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாக்கித் தள்ளுபடி தருகிறது. இவற்றில் எதற்குக் காசு கொடுப்பது தகும், எதற்குத் தகாது?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பக்கங்கள் ஏறி இறங்காத, கெட்டியான ரப்பர் மரக்கட்டில் ஒன்று. அதற்கு அளவாகப் பொருந்தும் இறுக்கமான மெத்தை ஒன்று. சுவரோடு பிணைத்த இழுப்பறை அலமாரி ஒன்று. பெரும்பாலான வீடுகளுக்கு இவை போதும். கன்வெர்டிபிள் என்ற சொல்லுக்குக் கூடுதல் விலை கொடுக்கலாம். ஆனால் சில நிபந்தனைகள் நிறைவேறினால் மட்டும். 2025 பிப்ரவரி 1 முதல் மலேசியாவில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். பிறை, புக்கிட் மின்யாக், பத்து காவான் தொழிற்பேட்டைகளில் வேலை பார்க்கும் இளம் தம்பதிக்குச் சில நூறு ரிங்கிட் கட்டிலே யோசித்துச் செய்யும் செலவு. ஆயிரத்தைத் தாண்டும் கட்டில் ஒருவருடைய மாதச் சம்பளத்தில் பாதிக்குமேல் தின்றுவிடும். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தூளியைப் பழைய பழக்கம் என்று தள்ளிவிட்டுக் கட்டிலைப் பற்றிப் பேசத் தொடங்குவது நியாயமில்லை. ரப்பர்த் தோட்டத்து லயத்து வீட்டில் உத்தரத்தில் கட்டிய பழஞ்சேலைதான் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளை வளர்த்தது. விடியுமுன் பால்வெட்டப் போன தாய்மார்கள் பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்றார்கள், அங்கேயும் தூளிகள்தான். பூச்சி பொட்டு ஊரும் தரையிலிருந்து பிள்ளை உயரத்தில் இருந்தது, காற்றும் வந்தது, ஒரு கையால் ஆட்டிக்கொண்டே மறுகையால் வேலை பார்க்க முடிந்தது. பக்கத்து வீட்டு மலாய்க்காரர்கள் சாரோங்கை ஸ்பிரிங்கில் மாட்டிய புவாயானைப் பயன்படுத்தினார்கள். இன்று அதற்கு மின்மோட்டாரும் வந்துவிட்டது.

ஆனால் தூளியில் துணி வளைகிறது, பிள்ளையும் அதோடு வளைகிறது. கழுத்து நிற்காத பச்சைக் குழந்தையின் முகவாய் நெஞ்சில் போய் ஒட்டினால் மூச்சுக்குழல் நெருக்கப்படும். புரளத் தெரிந்த பிள்ளையின் முகம் துணியில் அழுந்தும். சாய்ந்த நிலையில் தூங்குவதன் ஆபத்தை உலகம் தாமதமாகத்தான் உணர்ந்தது. 30-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் சாவுக்குப் பிறகு, 2019 ஏப்ரலில் ஃபிஷர் பிரைஸ் நிறுவனம் தன் 'ராக் அண்ட் ப்ளே' சாய்வுப் படுக்கைகளை, ஏறத்தாழ 47 லட்சத்தை, திரும்பப் பெற்றது. 2022 மே மாதத்தில் கையெழுத்தான அமெரிக்கச் சட்டம், 10 பாகைக்கு மேல் சாயும் குழந்தைப் படுக்கைகளை விற்பதையே தடை செய்தது. தூளியின் வளைவு அந்தச் சாய்வைவிடப் பத்திரமானது என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. மூத்த பிள்ளைகள் தொங்கும் சேலையை முறுக்கி விளையாடிக் கழுத்து இறுகி இறந்த செய்திகள் தமிழ்நாட்டு நாளேடுகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. வாசிக்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது.

வீடும் மாறிவிட்டது. தாமானில் உள்ள தெரு வீட்டிலும் அடுக்குமாடியிலும் தூளி கட்ட உத்தரம் இல்லை. மேலே மெல்லிய பலகை சிலிங்தான். அதனால் இரும்புச் சட்டத்திலோ கதவு நிலையில் மாட்டிய கொக்கியிலோ தொங்கவிடுகிறார்கள். சட்டத்தின் கால் அகலமும் ஸ்பிரிங்கின் தாங்குதிறனும் அப்போது உயிர்க் காரியமாகிவிடுகின்றன.

ஆகவே நான் சொல்வது இதுதான்: தூளி இருக்கட்டும், ஆனால் விழித்திருக்கும் பெரியவர் ஒருவரின் கண்முன்னே மட்டும். அழுகையை அமர்த்தவும் பகலில் சற்றுக் கண்ணயரவைக்கவும் அது போதும். இரவுத் தூக்கம் தட்டையான, கெட்டியான படுக்கையில், மல்லாந்த நிலையில். அமெரிக்காவில் 1994-இல் தொடங்கிய மல்லாந்து படுக்கவைக்கும் இயக்கத்துக்குப் பிறகு அங்கே தூக்கத்தில் நேரும் திடீர்ச் சாவுகள் பாதிக்கும் கீழே குறைந்தன. தூளிக்குப் பழகிய பிள்ளை கட்டிலில் போட்டதும் விழித்துக்கொள்ளும் என்று பாட்டிமார் சொல்வது உண்மைதான். அதனால்தான் முதல் இரவிலிருந்தே இரவுக்கென்று ஒரே படுக்கையைப் பழக்குவது நல்லது.

இனி, எப்போது வாங்குவது? வெறுந்தொட்டிலை ஆட்டக் கூடாது, பிறக்குமுன் பிள்ளைக்குச் சாமான் சேர்க்கக் கூடாது என்ற நம்பிக்கை இங்கே இன்னும் பல வீடுகளில் உயிரோடு இருக்கிறது. பிள்ளைச்சாவு மலிந்திருந்த காலத்தின் அச்சம் அதற்குள் இருக்கிறது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் அதன் விளைவாக, பிள்ளை பிறந்த பிறகு, தகப்பனுக்குக் கிடைக்கும் 7 நாள் விடுப்புக்குள் ஓடிப்போய் கையில் கிடைத்ததை வாங்கி, புதுப்பலகை வாசம் போகுமுன்னே பிள்ளையைப் படுக்கவைக்கும் நிலை வருகிறது. வளைகாப்பு நடக்கும் ஏழாம் மாதத்திலேயே கடைக்குப் போய் அளந்து, ஆட்டிப் பார்த்து, முன்பணம் கட்டிவிட்டு, சாமானைக் கடையிலேயே வைத்திருக்கச் சொல்லலாம். வீட்டுக்குள் வந்தால்தானே நம்பிக்கைக்கு இடையூறு?

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் வழக்கம் இதில் துணைசெய்கிறது. 2023 ஜனவரி 1 முதல் மகப்பேறு விடுப்பு 98 நாள். அதில் பத்தியக் காலம் முழுவதும் தாய்வீட்டில் கழியும் என்றால், புகுந்த வீட்டில் கட்டிலைப் பூட்டி, ஜன்னலைத் திறந்துவைத்து, வாசம் போகவிட நேரம் இருக்கிறது. தாய்வீட்டுக்கு இன்னொரு கட்டில் தேவையில்லை. ஃபின்லாந்து அரசு 1938 முதல் ஏழைத் தாய்மாருக்கும், 1949 முதல் எல்லாத் தாய்மாருக்கும் ஓர் அட்டைப்பெட்டியைக் கொடுத்து வருகிறது. அடியில் ஒரு மெத்தை, உள்ளே பிள்ளைக்கு வேண்டிய உடுப்புகள். எத்தனையோ ஃபின்லாந்துப் பிள்ளைகளின் முதல் படுக்கை அந்தப் பெட்டிதான். பத்திரத்துக்கும் விலைக்கும் நாம் நினைக்கும் அளவுக்குத் தொடர்பில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. அம்மா வீட்டில் கெட்டியான சிறு மெத்தை ஒன்று, தலையணை இல்லாமல், கொசுவலைக்குள் விரித்தால் போதும்.

கட்டிலுக்கு வருவோம். இங்கே முதலில் பேச வேண்டியது மரம். நம் ஆட்கள் செபராங் பிறைக்கு, அன்றைய புரோவின்ஸ் வெல்லஸ்லிக்கு, 19-ஆம் நூற்றாண்டில் முதலில் கரும்புத் தோட்டங்களுக்குத்தான் வந்தார்கள். ரப்பர் பிறகு வந்தது. 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து லண்டனுக்குக் கொண்டுபோன விதைகளில் முளைத்த 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அந்த வழியில் பெருகிய மரங்களைத்தான் நம் தாத்தா பாட்டிகள் வெட்டிப் பால் எடுத்தார்கள். 25 முதல் 30 ஆண்டுகளில் பால் வற்றியதும் மரத்தைச் சாய்த்து மறுநடவு செய்வார்கள். சாய்த்த மரம் நெடுங்காலம் விறகாகத்தான் போனது. அதன் உடலில் மாவுச்சத்தும் சர்க்கரையும் மிகுதி. வெட்டிய சில நாட்களிலேயே நீலப்பூஞ்சை படர்ந்து, வண்டு துளைத்துவிடும்.

வெட்டிய கையோடு பலகையாக அறுத்து, போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தால் உள்ளே செலுத்தி, சூளையில் உலர்த்தினால் அதே மரம் உறுதியான தளவாட மரமாகிறது என்பதைக் கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆய்வு நிலையம் போன்ற இடங்களில் நடந்த ஆய்வுகள் நிலைநிறுத்தின. 1980-களிலிருந்து ரப்பர் மரம் பெரிய தொழிலாக வளர்ந்தது. இன்று மலேசியா ஏற்றுமதி செய்யும் மரத் தளவாடங்களில் பெரும்பகுதி இதில்தான் செய்யப்படுகிறது; ஜொகூரின் மூவார் அதற்குத் தலைநகர் மாதிரி. நம் ஊர்ப் பக்கம் தோட்டங்களாக இருந்த அல்மாவும் ஜூருவும் இன்று கடைத்தொகுதியும் குடியிருப்புமாகிவிட்டன. தோட்டம் என்ற சொல் அங்குள்ள தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களில் தங்கியிருக்கிறது. அந்த மண்ணில் வாழ்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் கடைக்குள் போய், 'இது வெறும் ரப்பர் மரமா, இறக்குமதி மரம் இல்லையா' என்று கேட்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. வெளிநாட்டுக்காரர்கள் விரும்பி வாங்கும் மரம் அது. கன மீட்டருக்கு ஏறத்தாழ 560 முதல் 640 கிலோ எடை. தேக்குக்கு அதிகம் பின்தங்கியதல்ல. பால் தந்து முடித்த மரம் என்பதால் இதற்காகக் காட்டை அழிக்க வேண்டியதும் இல்லை.

ரப்பர் மரத்தை அடையாளம் காண்பது எளிது. வெளிர் மஞ்சள் நிறம், அழுத்தமில்லாத ரேகை. நீண்ட பலகை கிடைக்காததால் சிறு துண்டுகளைப் பல் பல்லாக வெட்டிக் கோத்து ஒட்டியிருப்பார்கள். அந்த ஒட்டு குறையல்ல. நன்றாக ஒட்டியிருந்தால் உறுதிதான். கவலைப்பட வேண்டியது குண்டூசித் துளைகளைக் கண்டால். பக்கத்தில் மாவு மாதிரித் தூள் உதிர்ந்திருந்தால் அந்தக் கட்டிலை விட்டுவிடுங்கள், உள்ளே வண்டு இருக்கிறது. 'சோலிட் வுட்' என்று எழுதியிருந்தாலும் எந்தப் பாகம் என்று கேளுங்கள். கால்களும் கம்பிகளும் மட்டும் மரமாக, தலைமாட்டுப் பலகையும் அடித்தட்டும் அமுக்கிய தூள்பலகையாக இருப்பது சாதாரணம்.

தூள்பலகையை நான் முற்றாக ஒதுக்கவில்லை. ஆனால் பினாங்குக் காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுதும் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. ஓரம் மூடப்படாத தூள்பலகை அந்த ஈரத்தை உறிஞ்சி ஊதிவிடும். தரையைத் தண்ணீர் விட்டுத் துடைக்கும் நம் வீடுகளில் அடிப்பக்கம் இன்னும் சீக்கிரம் போகும். தூள்பலகையிலுள்ள பசை ஃபார்மால்டிஹைடு ஆவியை விடுகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று வகைப்படுத்தியது. ஆவி குறைந்த பலகைக்கு இ1, அதைவிடக் குறைந்ததற்கு இ0 என்று குறியீடுகள் உண்டு. கேட்டு வாங்குங்கள், தெரியாது என்று சொல்லும் கடையில் வாங்காதீர்கள்.

மரத்துக்கு அடுத்தது கட்டுமானம். ஒரு பக்கம் ஏறி இறங்கும் கட்டிலை விலை எதுவானாலும் வாங்க வேண்டாம். குனிந்து பிள்ளையைத் தூக்க வசதியாக இருந்த அந்த அமைப்பில் கொக்கி தேய்ந்தோ திருகு கழன்றோ பக்கம் விலகி, இடைவெளியில் பிள்ளை சிக்கிக்கொள்ளும். 2000-ஆம் ஆண்டுக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் மட்டும் 30-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இப்படி இறந்ததைக் கணக்கெடுத்த அமெரிக்கா, 2011 ஜூன் 28 முதல் அத்தகைய கட்டில்களின் விற்பனையைத் தடை செய்தது. நம் சந்தையில் அவை இன்னும் கண்ணில் படுகின்றன, முக்கியமாகப் பழைய சாமானாக.

கம்பிகளுக்கு இடையிலான தூரம் அமெரிக்க விதிப்படி 6 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. ஐரோப்பிய விதிப்படி 4.5 முதல் 6.5 செ.மீ. வரை. குளிர்பான டின் நுழையாவிட்டால் சரி என்ற அமெரிக்க யோசனை இங்கே உதவாது, நம் கடைகளில் விற்கும் 320 மில்லி டின் ஒல்லியானது. அளவு நாடாவை எடுத்துப் போங்கள். மூலைக் கால்கள் மேலே துருத்திக்கொண்டிருந்தால் சட்டைத் துணி மாட்டும். தலைமாட்டுப் பலகையில் பூ வேலைப்பாடாக ஓட்டை போட்டிருந்தால் தலை மாட்டும். அடித்தட்டு இரண்டு உயரங்களிலாவது பூட்டக்கூடியதாக இருக்க வேண்டும். பிள்ளை எழுந்து உட்காரத் தொடங்கியதும் கடைசி நிலைக்கு இறக்கிவிட வேண்டும். கடையிலேயே மேல்விளிம்பைப் பிடித்து நன்றாக ஆட்டுங்கள். காட்சிக்கு வைத்த கட்டிலே கிறீச்சிட்டால் வீட்டில் அது எத்தனை மாதம் தாங்கும்?

இப்போது கன்வெர்டிபிள். சாதாரணக் கட்டில் ஒன்றரை, இரண்டு வயது வரைக்கும்தான். பிள்ளை 89 செ.மீ. உயரத்தை எட்டினாலோ, அதற்கு முன்பே தடுப்பைத் தாண்ட முயன்றாலோ அதை விட வேண்டியதுதான். ஒரு பக்கத்தைக் கழற்றிச் சிறுவர் கட்டிலாக்கும் வசதி இருந்தால் இன்னும் இரண்டு மூன்று ஆண்டு ஓடும். இந்த முதல் மாற்றம் மிகப் பயனுள்ளது. பல நேரம் கூடுதல் விலையும் இல்லை. 2019 மார்ச்சில் பத்து காவானில் திறந்த ஐக்கியாவில் விற்கும் எளிய கட்டில்களிலேயே ஒரு பக்கத்தைக் கழற்றலாம்.

சிக்கல் அடுத்த மாற்றத்தில்தான். பெரிய கட்டிலாக மாறும் என்று விற்கப்படும் பல வடிவங்கள் அமெரிக்கச் சந்தைக்காக வரையப்பட்டவை. அங்கே இருவர் மெத்தை 54 அங்குல அகலம். இங்கே நாம் வாங்குவது சிங்கிள் 36 அங்குலம், சூப்பர் சிங்கிள் 42, குயீன் 60; நீளம் 75. 54 அங்குலச் சட்டத்துக்கு மெத்தை தேடி அலைய வேண்டும், அல்லது தனியாகச் செய்யச் சொல்ல வேண்டும். 650 சதுர அடி அடுக்குமாடி வீட்டின் சின்ன அறையில் அந்த அகலக் கட்டிலைப் போட்டால் நடக்க இடமிருக்காது. ஆகவே 36 அங்குல ஒற்றைக் கட்டிலாக மாறுமா என்பதே கேள்வி. ஆம் என்றால், அதற்கு வேண்டிய பக்கச் சட்டங்கள் பெட்டிக்குள்ளேயே வருகின்றனவா என்று பாருங்கள். தனியாக விற்பார்கள் என்றால் இன்றே வாங்கிவிடுங்கள். ஐந்து ஆண்டு கழித்து அந்த வடிவம் சந்தையில் இருக்காது. மாறாத கட்டிலுக்கு மாறும் விலை கொடுத்ததாகிவிடும்.

கடைசி நிபந்தனை பூட்டு. மாற்றுவது என்றால் கழற்றிப் பூட்டுவது. மரத்திருகு நேரடியாகத் தூள்பலகையில் இறங்கியிருந்தால் இரண்டாம் முறை பிடிக்காது, மூன்றாம் முறை ஆடும். மரத்துக்குள் பதித்த உலோக மரை, அதற்குள் போல்ட்டு என்ற அமைப்பு வேண்டும். உள்ளூர் ஒற்றை மெத்தைக்குப் பொருந்தும் அளவு, கையோடு வரும் சட்டங்கள், உலோக மரை ஆகிய மூன்றும் இருந்தால் கூடுதல் விலை நியாயம். ஒன்று குறைந்தாலும் எளிய கட்டிலை வாங்கி, மிச்சக் காசை நல்ல ஒற்றைக் கட்டிலுக்கு வைத்துக்கொள்வதே லாபம்.

மெத்தையில் மட்டும் சிக்கனம் வேண்டாம். உள்ளங்கையால் அழுத்தி எடுத்தால் பள்ளம் நிற்காமல் உடனே எழ வேண்டும். கட்டிலுக்கும் மெத்தைக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் அது சிறிய மெத்தை. இங்கே 24க்கு 48 அங்குலம், 28க்கு 52 அங்குலம் என்று இரண்டு அளவுகள் புழங்குகின்றன; ஐக்கியா அளவு 60க்கு 120 செ.மீ. இது 24க்கு 48 அங்குலத்தைவிட ஓரிரு செ.மீ. சிறியது, மாற்றிப்போட்டால் ஓரத்தில் இடைவெளி விழும். தடிமனான மெத்தை சொகுசு என்று எண்ண வேண்டாம். மெத்தை உயர உயரத் தடுப்பு தாழ்கிறது. கடைசி நிலையில் மெத்தையின் மேற்பரப்பிலிருந்து விளிம்பு வரை 50 செ.மீ. இருக்க வேண்டும்.

அன்பளிப்பாக வரும் ஏழு துண்டுப் படுக்கைத் தொகுப்பு, ஓரத் தடுப்பு மெத்தை, தலை உருண்டையாக இருக்க வேண்டும் என்று வாங்கும் பச்சைப்பயறு உமித் தலையணை, கட்டிப்பிடிக்கும் உருளைத் தலையணை: இவை எதுவும் முதல் ஆண்டில் கட்டிலுக்குள் வேண்டாம். முகத்தை மூடக்கூடிய எதுவும் ஆபத்து. ஓரத் தடுப்பு மெத்தைகளை 2022-இன் அதே அமெரிக்கச் சட்டம் தடை செய்தது. கொசுவலை மட்டும் அவசியம். டெங்கி உள்ள ஊரில் அதைத் தவிர்க்க முடியாது. பிள்ளையின் கை எட்டாதபடி இறுக்கமாக மாட்டுங்கள். ஜன்னல் திரையின் கயிறு தொங்கும் இடத்தில் கட்டிலைப் போடாதீர்கள். தனியறை அலங்கரிக்கும் செலவும் இப்போது வேண்டாம். முதல் ஆறு மாதமாவது பெற்றோரின் அறையிலேயே, ஆனால் தனிப்படுக்கையில், பிள்ளை தூங்குவது நல்லது என்பதே குழந்தை மருத்துவர்களின் அறிவுரை.

மற்றத் தளவாடங்களில் உடை மாற்றும் மேசை தேவையில்லை. தரையில் பாயும் ரப்பர் விரிப்பும் போதும், தரையிலிருந்து யாரும் விழுவதில்லை. இழுப்பறை அலமாரி வேண்டும், ஆனால் அது சுவரோடு பிணைந்திருக்க வேண்டும். இழுப்பறைகளைப் படியாக்கி ஏறிய பிள்ளைகள் மேல் அலமாரி சரிந்து நேர்ந்த சாவுகளுக்குப் பிறகு, ஐக்கியா 2016-இல் அமெரிக்காவில் 2 கோடியே 90 லட்சம் அலமாரிகளைத் திரும்பப் பெற்றது. நம் சுவர்கள் செங்கல் சுவர்கள்; துளையிட்டு ஆப்பு வைத்துத் திருகினால் அசையாது. வாடகை வீட்டுக்காரர் முகம் சுளித்தாலும் கேட்டு அனுமதி வாங்குங்கள். போகும்போது இரண்டு துளைகளைப் பூசிக் கொடுத்துவிடலாம்.

பிள்ளையை உட்காரவைத்ததும் அது காலால் உந்திப்போகும் சக்கரம் வைத்த நடைவண்டிக்குக் காசு செலவழிக்கவே வேண்டாம். கனடா 2004-இல் அதைத் தடை செய்துவிட்டது. பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் இங்கே தடை கேட்டுக் குரல் கொடுத்திருக்கிறது.

அக்காள் பிள்ளை படுத்த கட்டில் தம்பி வீட்டுக்கு வருவது நம் வழக்கம். நல்ல வழக்கம்தான், பக்கம் இறங்காததாகவும் ஒரு திருகுகூடக் குறையாததாகவும் இருந்தால். குறைந்த போல்ட்டுக்குப் பதில் ஆணியோ கம்பியோ போட்டிருந்தால் வாங்காதீர்கள். பழைய சாயம் உதிர்ந்தால் அதில் ஈயம் இருக்கலாம். மெத்தையை மட்டும் புதிதாக வாங்குங்கள்.

சான்று முத்திரையிலும் கவனம் வேண்டும்: எம்சி முத்திரை விளையாட்டுப் பொருளுக்கானது. கட்டிலோடு இலவசமாக வரும் தொங்கு பொம்மையில் அதைப் பார்த்துவிட்டுக் கட்டிலும் சோதிக்கப்பட்டது என்று எண்ண வேண்டாம். கட்டிலுக்கு ஐரோப்பிய இஎன் 716 அல்லது அமெரிக்கத் தரச் சான்று உண்டா என்று தனியே கேளுங்கள். ரசீதும் பூட்டும் படமும் பத்திரமாக இருக்கட்டும். கடை சொன்ன மரம் ஒன்று, வந்த மரம் வேறு என்றால், பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டி, வழக்கறிஞர் இல்லாமலே, 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையைப் பதியலாம். இணையத்தில் வாங்கியதற்கும் அது செல்லும். பிரசவத்துக்குப் பிறகு சுகாதாரக் கிளினிக்கிலிருந்து தாதி வீட்டுக்கு வரும்போது, பிள்ளை தூங்கும் இடத்தையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். கட்டில் வைத்திருக்கும் மூலை, மெத்தையின் ஓரம், கொசுவலை மாட்டிய விதம் எல்லாவற்றையும் காட்டிக் கேட்டுக்கொள்ளலாம்.